அடிபட்டது என்ன பறவை?

போன மாசம் ஊருக்குப் போய்விட்டு பெங்களூர் திரும்பும்போது ஒரு சின்ன விமான நிலையத்தில் நாலு மணி நேரம் தேவுடு காக்க வேண்டியதாகிவிட்டது. ஊர் பேர் வேண்டாம். நாளைக்கு நாலைந்து விமானம் வந்து போகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏற வேண்டிய விமானம் இறங்கும்போது அதன் மேல் ஒரு பறவை மோதிவிட்டதாம். எஞ்சினியர் வந்து பார்த்து 'சரி' சொன்னால்தான் கிளம்பும் என்றார்கள். லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. சரி, ஒரு டீ குடிப்போம் என்று வெளியே வந்தேன்.

டீக்கடையில் பச்சை கலர் மினுமினு ஜாக்கெட் போட்ட ஒரு அண்ணன் நின்றிருந்தார். வெடி போட்டுப் பறவை விரட்டுகிற வேலை அவருக்கு. பேச்சுக் கொடுத்தேன்.

"என்ன பறவைண்ணே அது?"

"ஏதோ ஒண்ணு தம்பி. இங்க ஆயிரம் சுத்துது."

"ரிப்போர்ட்ல என்ன பேரு எழுதுவீங்க?"

"பேரா? பறவைன்னு எழுதுவோம்."

சொல்லிவிட்டு சட்டைப் பையில் இருந்து ஒரு இறகை எடுத்துக் காட்டினார். ஓடுபாதையில் பொறுக்கினதாம். கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. சும்மா இருக்கட்டும் என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு 'பறவைன்னு எழுதுவோம்' என்ற வரி சுருக்கென்று தைக்கும். எங்கள் ஆபீஸில் டெஸ்ட்டிங் மக்கள் சில நேரம் 'ஏதோ எரர் வந்தது' என்று மட்டும் எழுதி பக் ஒன்றை நம்ம தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். என்ன எரர், எங்கே, எப்போது? ஒன்றும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? அந்த மாதிரிதான் இதுவும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து தோண்ட ஆரம்பித்தால், இந்த 'என்ன பறவை' என்கிற கேள்விக்குப் பின்னால் அறுபது வருஷத்துக்கும் மேலான ஒரு சரித்திரம் இருக்கிறது மக்களே. அதில் ஒரு பாட்டி வேறு கதாநாயகி. பொறுமையா படிங்க, கொஞ்சம் நீளமான பதிவு.

*

முதலில் ஆதி காலம். விமானத்தைக் கண்டுபிடித்தவர்களே முதல் பறவையையும் அடித்துவிட்டார்கள். 1905 செப்டம்பர் 7 அன்று ஓஹையோவில் ஆர்வில் ரைட் வட்டமடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பறவைக் கூட்டத்தைத் துரத்தியிருக்கிறார். ஒன்று அடிபட்டு மேல் இறக்கையில் விழுந்து, அவர் சட்டென்று திருப்பியபோது நழுவிக் கீழே போனது. இது அவர்களுடைய குறிப்பேட்டிலேயே இருக்கிறது. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏழு வருஷத்தில் கணக்கு மாறியது. கால்பிரைத் ராட்ஜர்ஸ் என்று ஒருவர். 1911-ல் அமெரிக்காவைக் கரையில் இருந்து கரைக்கு விமானத்தில் கடந்த முதல் ஆள். அடுத்த வருஷமே, 1912 ஏப்ரல் 3 அன்று, கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் கடற்கரையோரம் பறந்துகொண்டிருந்தபோது விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். ஒரு கடற்புறா வந்து கட்டுப்பாட்டுக் கம்பிகளில் சிக்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். பறவை மோதி இறந்த முதல் விமானி என்று எல்லாப் பட்டியல்களிலும் இவர் பெயர்தான் முதலில் வரும்.

அதற்கப்புறம் பல வருஷங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாக இல்லை. பழைய விமானங்கள் மெதுவாகப் போகும், காது கிழிய சத்தம் போடும். பறவைகள் முன்கூட்டியே விலகிவிடும். தப்பித் தவறி மோதினாலும் அந்தக் கால பிஸ்டன் எஞ்சின் ஒரு முரட்டு ஆசாமி, தாங்கிக்கொள்ளும். டர்பைன் எஞ்சின் வந்ததும் கதை மாறியது. அது காற்றை மடக் மடக்கென்று குடிக்கிற சமாச்சாரம். உள்ளே வரிசை வரிசையாக மெல்லிசு பிளேடுகள். காற்றோடு சேர்ந்து பறவையும் உள்ளே போனால் பிளேடு வளையும், காற்றோட்டம் கலையும், எஞ்சின் திக்கும், சில சமயம் நின்றே போகும். வேகமும் கூடிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நாலு மடங்காகும் என்பது பத்தாங்கிளாஸ் பௌதிகம்தானே.

(இந்த இடத்தில் 'எஞ்சினுக்கு முன்னாடி ஒரு வலை கட்டினா என்ன' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நாலு கிலோ வாத்தைத் தடுக்கிற அளவுக்கு வலுவாக வலை கட்டினால் காற்றும் சரியாக உள்ளே போகாது. குளிர்ந்த மேகத்தில் அந்த வலை மேலேயே ஐஸ் கட்டும். வலை பிய்ந்தால் பறவையோடு கம்பியும் சேர்ந்து எஞ்சினுக்குள் போகும். வியாதியைவிட வைத்தியம் மோசம்.)

*

இப்போது நம் கதையின் முக்கியமான நாள். 1960 அக்டோபர் 4, மாலை. இடம் போஸ்டன் லோகன் விமான நிலையம். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 375-ம் எண் விமானம், லாக்ஹீட் எலக்ட்ரா. நாலு டர்போப்ராப் எஞ்சின். 72 பேர். கிளம்பிய சில நொடிகளில் ஒரு பறவைக் கூட்டத்துக்குள் புகுந்தது. ஒரு எஞ்சின் நின்றது, மற்ற இரண்டு சக்தி குறைந்து தடுமாறின. வேகம் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்தில் இருந்த வின்த்ராப் விரிகுடாவில் விழுந்தது. 62 பேர் இறந்துபோனார்கள். பத்தே பேர் பிழைத்தார்கள்.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். எலக்ட்ரா அப்போது ஏற்கெனவே கெட்ட பேர் வாங்கிய விமானம். 1959-லும் 1960 மார்ச்சிலும் இரண்டு எலக்ட்ராக்கள் ஆகாயத்திலேயே இறக்கை பிய்ந்து விழுந்திருந்தன. எஞ்சின் பொருத்திய இடத்தில் வந்த அதிர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்து, எல்லா எலக்ட்ராக்களுக்கும் வேகக் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். அதற்குள் இதுவும். 'இந்த விமானமே சரியில்லை' என்று எல்லோரும் ஒரு முடிவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் ஓடுபாதையில் செத்த பறவைகள் கிடந்தன. எஞ்சினுக்குள் கருகிய இறகுத் துணுக்குகள் இருந்தன. போஸ்டன் துறைமுக ஊர், மூன்று பக்கமும் கடல். யாராக இருந்தாலும் பெரிய கடற்புறா என்றுதான் முதலில் நினைப்பார்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமே? அந்தத் துணுக்குகள் வாஷிங்டனில் இருக்கிற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே அவற்றை வாங்கிக்கொண்டவர் ராக்ஸி லேபோர்ன்.

ராக்ஸி 1910-ல் பிறந்தவர், வட கரோலினாக்காரர். 1944-ல் ஸ்மித்சோனியனில் சேர்ந்தார். ஆரம்பத்தில் செத்த பறவையைப் பாடம் செய்கிற வேலை. பறவையைக் கையால் தொட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்துப் பழகின கை. போஸ்டன் விபத்து நடந்தபோது அவருக்கு ஐம்பது வயது. நம் ஊரில் 'இன்னும் எத்தனை வருஷம் ரிட்டயர்மெண்டுக்கு' என்று எண்ண ஆரம்பிக்கிற வயசு. அவருக்கோ அப்போதுதான் வாழ்க்கையின் பெரிய வேலையே ஆரம்பித்தது.

அவர் செய்தது கேட்க ரொம்ப சாதாரணம். அழுக்கும் எண்ணெயும் ரத்தமும் ஒட்டிய இறகைச் சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றடித்து உலர்த்தி, அருங்காட்சியகத்தின் அலமாரிகளில் இருக்கிற பாடம் செய்த பறவைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. இறகு முழுசாக இல்லாமல் பஞ்சு மாதிரி ஒரு துணுக்குதான் இருக்கிறது என்றால் மைக்ராஸ்கோப். இறகின் அடிப்பாகத்தில் பஞ்சு மாதிரி இருக்கிற இழைகளில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். வாத்து வகைக்கு அது முக்கோணமாக இருக்கும், புறாவுக்கு வேறு மாதிரி, குருவி வகைக்கு வேறு மாதிரி. முதலில் குடும்பத்தைக் கண்டுபிடி, அப்புறம் ஆளைக் கண்டுபிடி. நம்ம போலீஸ் கைரேகை பார்க்கிற மாதிரியே.

அவர் சொன்ன பதில் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. கடற்புறா இல்லை. ஸ்டார்லிங்! நம்ம மைனாவின் ஒன்றுவிட்ட தம்பி. குளிர்காலத்தில் நம் ஊர்ப் பக்கம் கூட்டம் கூட்டமாக வரும் சோளக்குருவியும் இதே குடும்பம்தான். ஒன்றின் எடை 80 கிராம் சொச்சம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அமெரிக்காவின் சொந்தப் பறவைகூட கிடையாது. 1890-ல் யூஜீன் ஷீஃப்லின் என்பவர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அறுபது பறவைகளைத் திறந்துவிட்டார். இப்படி அந்தக் காலத்தில் ஆசைக்குக் கொண்டுவந்து விட்டவை எழுபது வருஷத்தில் கோடிக்கணக்கில் பெருகி, ஒரு விமானத்தையே சாய்க்கிற கூட்டமாகிவிட்டன.

அதாவது, ஒற்றைப் பெரிய பறவைதான் ஆபத்து என்பது தப்பு. சின்னப் பறவை, பெரிய கூட்டம், அதுவும் ஒரே நேரத்தில் பல எஞ்சினுக்குள்! 'பறவை மோதியது' என்று மட்டும் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது.

*

போஸ்டனுக்கு அப்புறம் இரண்டு வழிகளில் வேலை நடந்தது. ஒன்று விமானத்தை வலுவாக்குவது. இன்னொன்று, பறவையை ஓடுபாதைப் பக்கம் வராமல் செய்வது.

முதல் வழி நம்ம எஞ்சினியர்களுக்குப் பிடித்த வழி. கோழி பீரங்கி கேள்விப்பட்டிருப்பீர்கள். அழுத்தப்பட்ட காற்றால் செத்த கோழியை விமான வேகத்தில் எஞ்சின் மேலும் கண்ணாடி மேலும் சுடுவார்கள். ஒரு காலத்தில் எல்லோர் இன்பாக்ஸிலும் சுற்றிய ஃபார்வர்டு மெயில் ஞாபகம் இருக்கா? யாரோ பீரங்கியைக் கடன் வாங்கி ரயில் கண்ணாடி மேல் சுட, கோழி கண்ணாடியைப் பொத்துக்கொண்டு போய் பின் சுவரில் குத்தி நிற்க, 'முதல்ல கோழியோட ஐஸ் உருகட்டும்யா' என்று பதில் வந்ததாக ஒரு கதை. அது கட்டுக்கதை. ஆனால் பீரங்கி நிஜம் :-)

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது. 1962 நவம்பர் 23 அன்று மேரிலாந்தில் யுனைடெட் நிறுவனத்தின் வைக்கவுண்ட் விமானம் வலசை போகும் அன்னப்பறவைகள் மேல் மோதியது. ஒரு அன்னம் வால் பகுதியின் இறக்கையைச் சிதைத்துவிட்டது. 17 பேரும் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் விமானத்தின் வால் 8 பவுண்டு, அதாவது 3.6 கிலோ பறவையைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்தது. மற்ற பாகங்களுக்கு 4 பவுண்டு.

ஆனால் இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. எத்தனை கிலோ பறவைக்கு எஞ்சின் செய்தாலும், அதைவிடப் பெரிய பறவை ஒன்று எங்கேயோ பறந்துகொண்டுதான் இருக்கும். அதனால் இரண்டாவது வழி கட்டாயம். அது எஞ்சினியர் கையில் இல்லை. குப்பை, புல், தண்ணீர், இறைச்சிக்கடை, முனிசிபாலிட்டி, கவுன்சிலர் என்று போகிற வழி. அங்கேதான் சறுக்கல்.

1973 பிப்ரவரி 26. அட்லாண்டா பக்கத்தில் டிகால்ப்-பீச்ட்ரீ என்கிற சின்ன விமான நிலையம். பெரிய ஏர்லைன்கள் வராத இடம். ஒரு லியர்ஜெட் கிளம்பியது. கௌபேர்ட் என்று மாட்டுக்குப் பின்னால் பூச்சி பொறுக்கித் திரிகிற ஒரு சின்னக் கறுப்புப் பறவை, கூட்டமாக எஞ்சினுக்குள் போனது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். தரையில் இருந்த ஒருவர் தீக்காயம் பட்டார்.

அந்தப் பறவைகள் எங்கிருந்து வந்தன? விமான நிலையத்தை ஒட்டியே இருந்த குப்பைமேட்டில் இருந்து. குப்பைமேட்டின் சொந்தக்காரர் யார்? டிகால்ப் கவுண்டி நிர்வாகம். விமான நிலையத்தின் சொந்தக்காரர்? அதே டிகால்ப் கவுண்டி! இதைவிடக் கொடுமை, விமான நிலையத்துக்கு மத்திய அரசிடம் நிதி வாங்கும்போது, 'சுற்றியிருக்கும் நிலத்தை விமானங்கள் ஏறி இறங்குவதற்கு இடைஞ்சல் இல்லாத காரியங்களுக்கே பயன்படுத்துவோம்' என்று அவர்கள் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் 'அந்த ஒப்பந்தம் எங்களைப் போன்றவர்களுக்காகப் போட்டதுதானே, மீறினால் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா' என்று வழக்குப் போட்டார்கள். அது 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 'இப்படி வழக்குப் போடலாமா என்பதை மாநிலச் சட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள்' என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் விபத்துக்கு அடுத்த வருஷமே ஒரு விதிமுறை வந்தது. ஜெட், டர்பைன் விமானங்கள் வருகிற ஓடுபாதையில் இருந்து 10,000 அடிக்குள்ளும், பிஸ்டன் விமானங்கள் மட்டும் வருகிற இடம் என்றால் 5,000 அடிக்குள்ளும் குப்பைமேடு கூடாது என்று. போஸ்டன் விபத்து நடந்து அப்போது பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

*

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சின்ன விமான நிலையங்களுக்கு என்று ஒரு தனி சாபம் இருக்கிறது. பெரிய இடத்தில் பறவை நிபுணரையே வேலைக்கு வைத்திருப்பார்கள். தனி வண்டி, தனி ஆட்கள், மோப்ப நாய்கூட வைத்திருப்பார்கள். (1999-ல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸ் விமான நிலையம், ஆடு மேய்க்கிற பார்டர் காலி இன நாயைப் பறவை விரட்ட வேலைக்கு வைத்தது.) சின்ன இடத்தில் விமானமும் குறைவு, ஆளும் குறைவு. விமானம் குறைவு என்பதால் மோதலும் குறைவு. மோதினாலும் எழுதி வைக்க ஆள் இல்லை. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். 'எங்க ஊர்ல அந்தப் பிரச்சினையே இல்லீங்க!' லாக் ஃபைலை ஆஃப் பண்ணி வைத்துவிட்டு, எரரே வரவில்லை என்று சந்தோஷப்படுகிற மாதிரி.

எத்தியோப்பியாவில் பஹிர் தார் என்று ஒரு ஏரிக்கரை ஊர். 1988 செப்டம்பர் 15 அன்று அங்கிருந்து அஸ்மாராவுக்குக் கிளம்பிய போயிங் 737-ன் இரண்டு எஞ்சின்களிலும் புள்ளிப் புறாக்கள் புகுந்தன. விமானி திரும்பி வந்து இறக்கப் பார்த்தார், முடியவில்லை. சக்கரம் இல்லாமல் வயிற்றால் இறங்கித் தீப்பிடித்தது. 104 பேரில் 35 பேர் இறந்தார்கள். அன்னமும் இல்லை, கழுகும் இல்லை, வெறும் புறா!

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 1980-களில் இந்திய விமானத் தளங்களில் பறவை ஆபத்து பற்றி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. சாலிம் அலியும் ராபர்ட் கிரப்பும் முன்னின்று செய்தது. சாலிம் அலிக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயசு என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கே முக்கிய வில்லன் பிணந்தின்னிக் கழுகு, பாறு என்று சொல்வோமே அது. கூடவே பருந்து. அவர்கள் காட்டிய திசை விமான நிலையத்தின் மதில் சுவருக்கு வெளியே இருந்தது. செத்த மாட்டைப் போடுகிற இடம், இறைச்சிக்கூடம், குப்பைக் கிடங்கு. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் மிருகங்களை அறுத்துத் தோலுரிப்பதும் குப்பை கொட்டுவதும் கூடாது என்று 1937-ம் வருஷத்து விமான விதிகளில் ஒரு விதியே உண்டு. விதி இருந்தது, மாடும் கிடந்தது, கழுகும் வந்தது.

அப்புறம் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. 1990-களில் பாறுக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004-ல் ஒரு ஆய்வு சொன்னது. 2006-ல் அதை மாட்டு வைத்தியத்தில் பயன்படுத்த இந்தியா தடை போட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்கிற நிலைக்கு வந்துவிட்டது. விமானத்துக்கு ஆபத்தான பறவை ஒழிந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? செத்த மாடும் குப்பையும் அங்கேயேதான் கிடந்தன. கழுகு விட்ட பந்தியில் நாய் உட்கார்ந்தது, பருந்து தொடர்ந்து வந்தது. சாப்பாட்டை எடுக்காமல் விருந்தாளியை மட்டும் ஒழித்தால், அடுத்த விருந்தாளி வருவான்.

*

ஹட்சன் நதிக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், படமே வந்தாச்சு. 2009 ஜனவரி 15, கேப்டன் சல்லன்பர்கர், 155 பேரும் பிழைத்தார்கள். படத்தில் வராத ஒரு பகுதியைச் சொல்கிறேன்.

எஞ்சினில் இருந்து வழித்தெடுத்த கூழ் ஸ்மித்சோனியனுக்குத்தான் போனது. அந்தக் கூழுக்கு அங்கே 'ஸ்னார்ஜ்' என்று ஒரு செல்லப் பேர் உண்டு. ராக்ஸி 2003-லேயே காலமாகிவிட்டார். 1988-ல் ரிட்டயர் ஆன பிறகும் கடைசிக் காலம் வரை இறகு பார்த்துக்கொண்டிருந்தவர். ஹட்சன் இறகுகளைப் பார்த்தது அவரிடம் தொழில் கற்ற கார்லா டவ்வின் குழு. (டவ் என்றால் புறா. பேர்ப் பொருத்தத்தைப் பாருங்க!) இறகோடு டிஎன்ஏவும் பார்த்து, கனடா கூஸ் என்கிற பெரிய வாத்து என்று உறுதி செய்தார்கள். ஆளுக்கு நாலு கிலோ வரும் பறவை. அந்த எஞ்சின் தாங்க வேண்டும் என்று சோதித்திருந்தது 4 பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு.

அதோடு விடவில்லை. நியூயார்க்கில் இரண்டு விதக் கனடா வாத்துகள் உண்டு. பூங்காவிலேயே குடியிருக்கிற உள்ளூர்வாசிகள் ஒன்று, வடக்கே இருந்து வலசை வருகிறவை இன்னொன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இறகில் இருக்கிற ஹைட்ரஜன் ஐசோடோப்பு, அந்த இறகு முளைத்தபோது பறவை எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். பார்த்தால், இவை கனடாவின் லாப்ரடார் பக்கத்து வலசைப் பறவைகள். அந்த வருஷக் கோடையில் நியூயார்க் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் வாத்துகளைப் பிடித்துக் கொன்றார்கள். உள்ளூர் வாத்தும் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஹட்சன் விமானத்தை இறக்கியது அவை இல்லை. மோதல் நடந்ததும் ஓடுபாதையில் இருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, 2,800 அடி உயரத்தில். அந்த உயரத்தில் வெடி போட்டு விரட்ட யாரும் இல்லை.

கடைசியாக ஒன்று, மனசு கனக்கிற ஒன்று. 2024 டிசம்பர் 29, தென் கொரியாவின் முவான். அதுவும் சின்ன ஊர் விமான நிலையம்தான், சுற்றிலும் சேற்றுக் கழிமுகம், வலசைப் பறவைகள் வருகிற இடம். ஜேஜு ஏர் போயிங் 737 இறங்க வரும்போது பறவைகள் மோதின. சக்கரம் வெளியே வராமல் வயிற்றால் இறங்கி, ஓடுபாதை தாண்டி இருந்த கான்கிரீட் மேட்டில் மோதி வெடித்தது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். இரண்டு எஞ்சினிலும் இருந்த இறகும் ரத்தமும் பைக்கால் கிளுவையுடையவை என்று 2025 ஜனவரியில் வந்த முதல்கட்ட அறிக்கை சொன்னது. கிளுவை என்பது சின்ன வாத்து, அரைக் கிலோ தேறினால் அதிகம். இத்தனை பேர் இறந்ததற்குப் பறவை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்தக் கான்கிரீட் மேடு அங்கே ஏன் இருந்தது என்பது பெரிய கேள்வி. ஆனால் கதையின் ஆரம்பம் மறுபடியும் அதே இடம்: சின்னப் பறவை, பெரிய கூட்டம், இரண்டு எஞ்சின். 1960 போஸ்டனில் ராக்ஸி சொன்ன அதே பாடம்.

*

சரி, நம்ம டீக்கடை அண்ணன் கதைக்கு வருவோம்.

அந்த இறகுப் படத்தைப் பறவை பார்க்கிற பைத்தியம் பிடித்த நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "ஆள்காட்டிடா. சிவப்பு மூக்கு ஆள்காட்டி மாதிரிதான் இருக்கு. எங்க கிடைச்சுது?"

விமான நிலையத்துக்கு வரும் வழியில் மதில் சுவருக்குப் பின்னால் கோழிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். மேலே பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. 'ஆஹா, குப்பைதான் காரணம்' என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தேன். இவன் பதிலைப் பார்த்ததும் என் தீர்ப்பு புஸ்வாணம். ஆள்காட்டி கோழிக்குடல் தின்னாது. வெட்டவெளி, குட்டையான புல், பூச்சி, பக்கத்தில் கொஞ்சம் தேங்கின தண்ணீர், இதுதான் அதற்கு வேண்டும். முட்டையைத் தரையிலேயே இடும். அதாவது, அண்ணன் தினமும் காவல் காக்கிற ஓடுபாதை ஓரம்தான் அதன் வீடு. வெடி போட்டால் நாலடி பறந்து 'டிட்-யூ-டூ-இட்' என்று திட்டிவிட்டு அங்கேயே வந்து உட்காரும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தை மூடணும், புல்லை எந்த உயரத்தில் வைப்பது என்று யோசிக்கணும். பிரிட்டனில் புல்லை 15-20 சென்டிமீட்டர் வளரவிட்டுத்தான் பராமரிக்கிறார்கள். தரையில் மேய்கிற பறவைகளுக்குச் சுற்றும் முற்றும் பார்வை மறைந்தால் பயம், வராது. ஆனால் அடிபட்டது பருந்தாக இருந்திருந்தால் இதெல்லாம் வீண் வேலை. கோழிக்கடைக்காரரிடமும் பஞ்சாயத்து ஆபீஸிலும்தான் போய் நிற்க வேண்டும்.

இரண்டு பறவை, இரண்டு வேறு வேலை, இரண்டு வேறு ஆபீஸ். ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை: 'பறவை'.

கிளம்பும்போது அந்த அண்ணனின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். போன் பண்ணி "அண்ணே, அது ஆள்காட்டி" என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "அதுவா! அது தெரியாமலா தம்பி? எங்க ஊர்ல ஆக்காட்டின்னு சொல்லுவோம். இந்த சீசன்ல ரன்வே ஓரமா எட்டு ஜோடி முட்டை வச்சிருக்கு. தண்ணி தேங்குற பள்ளம் ஒண்ணு இருக்கு, அங்கதான்."

"அப்ப ஏண்ணே ரிப்போர்ட்ல எழுதல?"

"யாரும் கேக்கலையே தம்பி."

அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது மக்களே. எத்தனை ஜோடி, எங்கே கூடு, எந்தப் பள்ளம், எல்லாம். ஸ்மித்சோனியனின் ஆறு லட்சம் பறவைகளும் மைக்ராஸ்கோப்பும் இல்லாமலே தெரிந்திருக்கிறது. அந்தப் படிவத்தில் 'என்ன பறவை' என்று ஒரு கட்டம் போட்டு, அதை அவர் கையில் கொடுத்தால் போதும்.

டிஸ்கி: உங்கள் ஊர் விமான நிலையம் பக்கத்தில் குப்பைமேடு, இறைச்சிக்கடை, ஏரி ஏதாவது இருக்கா? அங்கே என்ன பறவை சுத்துதுன்னு பார்த்து பின்னூட்டத்தில் சொல்லுங்க. தயவுசெய்து 'ஏதோ பறவை'ன்னு மட்டும் எழுதாதீங்க :-)